ரப்பர் கைக்கு வலிக்கிறது

ஜூன் 3, திங்கள்

போன வெள்ளிக்கிழமை என்னைக் கொன்றுவிட்டார்கள். மருமகள் மாடிப்படியில் எண்ணெய் ஊற்றி வைத்தாள். நான் வழுக்கி, உருண்டு, கடைசிப் படியில் கண்ணைத் திறந்தபடி செத்தேன். நான்கு வருஷமாக ஊரையே திட்டித் தீர்த்த சீரியல் மாமியார் ராஜமாதங்கி இனி இல்லை. முகம் பெங்களூர்க்காரி ஒருத்தியுடையது. அவளுக்குத் தமிழில் ‘சாப்பாடு’ தவிர ஒரு வார்த்தை தெரியாது. குரல் என்னுடையது. அவளுக்குத் தெலுங்கில் பெரிய சீரியல் கிடைத்துவிட்டதாம். அதனால் நானும் சேர்ந்து உருள வேண்டியதாயிற்று.

கடைசி அலறலை ஒரே டேக்கில் கொடுத்தேன். டப்பிங் தியேட்டரில் சவுண்ட் இன்ஜினியர் என் வீட்டுக்காரர் எட்வின்தான். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “ரோஜா, காது வலிக்குது” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குக் கொடுத்த பெரிய பாராட்டு அது.

இன்று சும்மா உட்கார்ந்து ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரே ஒரு வேலை கொண்டுவந்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மருத்துவக் கல்லூரி. டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம். நோயாளியாக நடிக்க ஆள் வேண்டுமாம்.

“என்ன வியாதி?”

“வியாதி முக்கியமில்ல. படுத்துக்கிட்டுப் பேசணும்.”

“வனரோஜா படுத்துக்கிட்டு டயலாக் பேசினதா சரித்திரமே இல்ல.”

“வியாழக்கிழமை காலையில கார் வரும்” என்றார்.

சாயங்காலம் வெங்காய பஜ்ஜி. இரண்டுதான். அப்புறம் நெஞ்சுக்குக் கீழே லேசாக வாயு. ஓமத்தண்ணீர் குடித்தேன். சரியாகிவிட்டது.

ஜூன் 6, வியாழன்

ஒரு கட்டில். அதில் நான். என் வலது கையைப் போர்வைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தோளுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் கையைப் பட்டையால் கட்டுகிறார்கள். மாநிறம், என் கையைவிட ஒல்லி. உள்ளே குழாய்கள், குழாய்களில் சிவப்புத் தண்ணீர். மேலே பெரிய நீலத்துணியைப் போர்த்தினால், அதிலிருக்கும் ஓட்டை வழியாக ரப்பர் கை மட்டும் தெரியும். நான் துணிக்குள்; ஓட்டை ஓரமாக எனக்கு வெளியே கொஞ்சம் தெரியும். அந்தக் கைக்குக் குரல் கொடுப்பதுதான் என் வேலை. பெங்களூர்க்காரிக்குக் கொடுத்ததுபோலத்தான். அவளைவிட இந்தக் கைக்கு நன்றாக நடிக்க வருகிறது.

பயிற்சி நடத்துபவர் டாக்டர் நஸ்ரீன், மயக்க மருந்துத் துறை. சின்ன உருவம். ஒரு புருவத்தைத் தூக்கினால் வகுப்பே நிமிர்ந்து உட்காருகிறது. எனக்குப் பொறுமையாக விளக்கினார். சில நோயாளிகளுக்கு நரம்பு கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. அப்போது அல்ட்ராசவுண்ட் கருவியைத் தோல்மேல் வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்க வேண்டும். திரையில் இரண்டு கறுப்பு வட்டம் தெரியும். அமுக்கினால் நசுங்குவதில் ஊசி போடலாம். நசுங்காமல் துடித்துக்கொண்டு நிற்பது தமனி, அதன் பக்கமே போகக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம் சுத்தம். கை கழுவி, கவுனும் கிளவுஸும் போட்ட பிறகு, சுத்தம் செய்யாத எதைத் தொட்டாலும் ஆட்டம் முடிந்தது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி ஊசியோடு நேரே ரத்தத்துக்குள் போய்விடும்.

“நிஜப் பேஷண்ட் சும்மா படுத்திருக்க மாட்டாங்க மேடம். நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். அப்பவும் அவங்க தப்பில்லாம செய்யறாங்களான்னு நான் பாக்கணும்.”

ஒரு தாளில் வசனம் கொடுத்தார். ‘வலிக்குமா டாக்டர்?’ இரண்டு தடவை. ‘எவ்வளவு நேரம் ஆகும்?’ ஒரு தடவை. இதற்கா வனரோஜா?

முதலில் வந்தவன் இளம்பரிதி. இரண்டாம் வருஷ பி.ஜி., அரியலூர்ப் பக்கம். கதவுக்குக் குனிந்து வருகிற உயரம், தடிமனான மூக்குக்கண்ணாடி. ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொண்டே வந்தான். ஊசி ரப்பர் தோலைத் தொடுகிற நேரம் பார்த்து, செத்துப்போன ராஜமாதங்கியை எழுப்பினேன்.

“அடேய்! யாரைக் கேட்டுடா என் மேல கை வெச்சே?”

கருவி தரையில் விழுந்து உருண்டது. அவன் இரண்டு கையாலும் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டான். அப்புறம்தான், கிளவுஸ் போட்ட கையால் முகத்தைத் தொட்டுவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது.

“சுத்தம் போச்சு. ஃபெயில்” என்றார் நஸ்ரீன்.

“மேடம், இந்தக் குரல்... எங்கம்மா தினமும்...” என்று இழுத்தான். வகுப்பு மொத்தமும் சிரித்தது.

எல்லோரும் போன பிறகு நஸ்ரீன் என்னை நிறுத்தினார். எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு பேசக்கூடாது என்று கண்டிப்பார் என நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, “அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க மேடம். ஊசி உள்ள போனப்புறம்” என்றார்.

இந்த அம்மாளோடு எனக்கு ஒத்துப்போகும்.

ஒவ்வொரு தடவை ஊசி எடுத்தபோதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாத்திரத்துக்குள் போவதற்காக.

ஜூன் 11, செவ்வாய்

ஸ்ரவந்தி என்று ஒரு பெண் இன்று முதல் முயற்சியிலேயே தேறிவிட்டாள். நான் அழுதேன், சாபம் விட்டேன், சொத்தையெல்லாம் நாத்தனார் பெயருக்கு எழுதி வைப்பதாக மிரட்டினேன். “ஓகே ஆன்ட்டி, ஓகே ஆன்ட்டி” என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்துவிட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

இளம்பரிதிக்கு இரண்டாவது வாய்ப்பு. இந்த முறை ராஜமாதங்கி வேண்டாம் என்று, தேன் தடவிய குரலில் கேட்டேன். “தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? பொண்ணு பாத்துட்டாங்களா? யாரையாச்சும் மனசுல வெச்சிருக்கீங்களா?”

வியர்த்துக் கொட்டியிருக்கும்போல. கவுன் கையால் நெற்றியைத் துடைத்தான். ஃபெயில்.

ஜூன் 12, புதன்

எட்வினின் தம்பி வீட்டில் பிரியாணி. அளவாகத்தான். வலது தோளில் பிடிப்பு. ரப்பர் கையைக் கட்டுகிற பட்டைதான் காரணம்.

ஜூன் 13, வியாழன்

வகுப்புக்கு முன்னால் கேன்டீனில் டீ குடிக்கப் போனேன். ஒரு மூலையில் இளம்பரிதி தனியாக உட்கார்ந்திருந்தான். என் முகம் அவனுக்குத் தெரியாது, எப்போதும் நான் துணிக்குள் இருக்கிறேனே. எதிரே உட்கார்ந்து, “சர்க்கரையை இப்படித் தள்ளுங்க தம்பி” என்றேன். டீயை மேசையெல்லாம் கொட்டிவிட்டான்.

“நான்தான்ப்பா. கடிக்க மாட்டேன்.”

துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். இந்த மாதத்துக்குள் தேறாவிட்டால் ஐ.சி.யூ. டியூட்டி தரமாட்டார்களாம். அது இல்லாமல் படிப்பு ஆறு மாதம் தள்ளிப்போய்விடும். அவனோடு சேர்ந்தவர்களெல்லாம் தேறியாயிற்று.

“கை நல்லாத்தானே ஓடுது உனக்கு? வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசினா என்ன?”

“எனக்குப் பேச்சு வராதுங்கம்மா. அதுக்குத்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். மயக்கம் குடுத்தா பேஷண்ட் தூங்கிருவாங்க, பேச வேண்டியதில்லன்னு நெனச்சேன்.”

டீ எனக்குப் புரையேறிவிட்டது. அவன் சிரிக்கவில்லை. உண்மையைத்தான் சொல்கிறான், பாவி.

அப்புறம், பேச்சு வராதவன், கொட்டிய டீயைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “உங்களுக்கு ஊசின்னா பயமாங்கம்மா?”

“எனக்கா?”

“ரப்பர் கையில ஊசி பட்டா, உங்க கால் விரலெல்லாம் மடங்குறது துணிக்கு மேலயே தெரியுதுங்க. கத்துறப்ப மடங்குறதில்ல. ஊசி பட்டா மட்டும்தான்.”

எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். வகுப்புக்கு இன்னும் அரை மணி இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

அவன் ஒரு முட்டாள்.

எட்வின் காலையில், “வாயு வாயுங்கறியே, டாக்டர்கிட்ட காட்டலாமா?” என்று ஆரம்பித்தார்.

“வாரத்துக்கு ரெண்டு நாள் டாக்டருங்க நடுவுலதானே படுத்துக் கிடக்கேன்?”

“அவங்க பாக்கறது ரப்பர் கைய.”

“அதுக்கு ஒண்ணும் இல்லன்னுதான் சொல்றாங்க.”

போன வருஷம் அவர் என்னை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனதையும், நான் பாதி வழியில் ஆட்டோவிலிருந்து இறங்கிப் பழம் வாங்கப் போனதையும் தேவையில்லாமல் ஞாபகப்படுத்தினார். அன்றைக்குக் கொய்யா மலிவாக இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

இளம்பரிதியின் மூன்றாவது முயற்சி. எனக்கு இன்று தொண்டை சரியில்லை. அதனால்தான் அடக்கி வாசித்தேன். “வலிக்குமா டாக்டர்?” ஒரு தடவை, மெதுவாக. அவன் பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஊசி இறங்கியது, திரையில் அதன் முனை வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்ததாம், சிவப்புத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. எல்லாம் கச்சிதம்.

நஸ்ரீன் வந்து நீலத்துணியின் ஒரு முனையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன இளம்பரிதி, பேஷண்ட் செத்துட்டாங்களா?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“நீ இவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல. இவங்களும் உன்னைக் காப்பாத்தறதுக்காக வாய மூடிட்டுப் படுத்திருக்காங்க. இதை நான் கணக்குல சேக்க மாட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை கடைசி வாய்ப்பு.” என் பக்கம் திரும்பினார். “மேடம், உங்களுக்குத் தொண்டை சரியாயிடும் இல்ல?”

அந்தப் புருவம்!

வெளியே வந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னேன். “நீங்க கத்துங்கம்மா. பரவால்ல” என்றான். நல்ல பையன். முட்டாள்தான், ஆனாலும் நல்ல பையன்.

ஜூன் 20, வியாழன்

வகுப்பு இல்லை. நாள் முழுக்கப் படுக்கை. வாயுதான்.

ஜூன் 27, வியாழன்

இதை நான் சொல்லச் சொல்ல எட்வின் எழுதுகிறார். என் வலது கையில் ஊசி இருக்கிறது. நிஜக் கை, நிஜ ஊசி.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலையில் நன்றாகத்தான் இருந்தேன். (இல்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். போக வேண்டாம் என்றேன். - எட்வின்) கடைசி வாய்ப்பு, அந்தப் பையன் காத்திருப்பான் என்று போனேன். துணியைப் போர்த்தினார்கள். ராஜமாதங்கியை முழு பலத்தோடு இறக்கினேன். அவன் பரம்பரையையே இழுத்தேன். அவன் கை நடுங்கவில்லை, மூக்குக்கண்ணாடியைத் தொடவில்லை. “இப்ப சுத்தம் பண்றேங்கம்மா, சில்லுனு இருக்கும்” என்று முதல் தடவையாக வாயைத் திறந்தான். எனக்கு உள்ளுக்குள் குஷி.

அப்போது வலது விலாவுக்குக் கீழே யாரோ கத்தியை விட்டுத் திருகியதுபோல ஒரு வலி. அலறினேன்.

“பிரமாதம் மேடம்” என்றார் நஸ்ரீன்.

மறுபடி அலறினேன். இந்த முறை கைதட்டலே கேட்டது. ஆளில்லாத காட்டில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. இத்தனை வருஷம் காசுக்குக் கத்தியவள், நிஜமாகக் கத்தும்போது நம்ப ஆளில்லை.

“மேடம், இது நடிப்பில்ல” என்று இளம்பரிதியின் குரல் கேட்டது.

“நீ வேலையைப் பாரு. பேஷண்ட் கத்தத்தான் செய்வாங்க.”

“ஊசி இன்னும் தொடவே இல்ல மேடம். அதுக்குள்ள கால் விரல் மடங்கிருச்சு.”

“இளம்பரிதி, இது உனக்குக் கடைசி வாய்ப்பு.”

“தெரியுங்க மேடம்.”

அவ்வளவுதான். நீலத்துணி முழுவதையும் ஒரே இழுப்பில் உருவி எறிந்தான். கழுவித் துடைத்து அடுக்கியிருந்த சாமானெல்லாம் சிதறின. கிளவுஸைக் கழற்றிவிட்டு என் விலாவுக்குக் கீழே கையை வைத்து, “மூச்சை இழுங்கம்மா” என்றான். இழுக்க முடியவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். நஸ்ரீன் ஓடிவந்தார். பயிற்சிக்கு வைத்திருந்த அதே அல்ட்ராசவுண்ட் மெஷினில் வேறு கருவியை மாட்டி என் வயிற்றில் வைத்துப் பார்த்தார். பித்தப்பை நிறையக் கல். வீங்கிச் சீழ் பிடிக்கிற நிலை.

“எத்தனை நாளா வலிக்குது?”

“இப்பத்தான்” என்றேன். (மூன்று வாரமாக. - எட்வின்)

மருந்து ஏற்ற வேண்டும், உடனே. அவசரப் பிரிவில் நர்ஸ் இடது கையில் இரண்டு தடவை குத்தினார். நரம்பு கிடைக்கவில்லை. வாந்தியில் உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் போய் நரம்பு சுருங்கிவிட்டதாம். அப்போதுகூட நான் கத்தவில்லை. (நான் செய்தி கேட்டு வந்து சேர்ந்தபோது லிஃப்ட்டிலேயே குரல் கேட்டது. எந்த வார்டு என்று யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. - எட்வின்)

நஸ்ரீன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்து, இளம்பரிதியைப் பார்த்து, “கை கழுவிட்டு வா” என்றார்.

என் வலது மேல்கையில் அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தான். “இப்ப தொடுறேங்கம்மா.” “இப்ப அமுக்குறேன், நரம்பு நசுங்குதான்னு பாக்குறேன்.” “இதோ கெடச்சிருச்சு.” “இப்ப மரத்துப்போற மருந்து, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்.” “திட்டணும்னா திட்டுங்கம்மா, கைய மட்டும் ஆட்டாதீங்க.” ஒரே குத்து. முடிந்தது. நான் ராஜமாதங்கி மாதிரி கம்பீரமாகப் படுத்திருந்தேன்.

(இதை அவள் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “போகாத கண்ணு, இங்கயே இரு கண்ணு” என்று அந்தப் பையனைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு நாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. அவள் குரலை முப்பது வருஷமாக ஹெட்போனில் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலை நான் பதிவு செய்ததே இல்லை. - எட்வின்)

“என்ன இவ்வளவு நேரம் எழுதறீங்க?”

“நீ சொன்னதத்தான்.”

ஜூலை 1, திங்கள்

பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் சின்னச் சின்னதாக நான்கு ஓட்டை. கற்களைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். எட்வின் ஆட்டிப் பார்த்து, மழைச் சத்தத்துக்கு உபயோகமாகும் என்கிறார்.

அவர் எழுதிய பக்கத்தை இன்றுதான் படித்தேன். கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது, போகட்டும்.

நஸ்ரீன் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பழத்தையே உருட்டிக்கொண்டிருந்தார்.

“நான் கவனிச்சிருக்கணும் மேடம். கைதட்டிட்டு நின்னேன்.”

“என் நடிப்பு அப்படி” என்றேன். வேறென்ன சொல்வது?

“அந்தப் பையன் விஷயம் என்னாச்சு? எனக்கு ஊசி போட்டானே, அது சேருமா?”

“சேராது. சிமுலேட்டர்ல பாஸ் பண்ணினாத்தான் ஐ.சி.யூ. எல்லாருக்கும் ஒரே சட்டம்.”

எனக்கு வந்த கோபத்தில் தையல் இழுத்தது. அவர் பழத்தை உரித்து என் கையில் வைத்தார்.

“ஆனா பாதியில பேஷண்டுக்கே உடம்பு முடியாமப் போனா அது ஃபெயில் இல்ல, பரீட்சையே ரத்து. துறைத் தலைவர்கிட்ட ரெண்டு நாள் சண்டை போட்டு வாங்கியிருக்கேன். இன்னொரு தேதி குடுத்திருக்கோம். உங்களுக்கு முடியாதுன்னா உங்க பழைய சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கறேன்.”

“ரெக்கார்டா? வனரோஜா உயிரோட இருக்கும்போதா?”

“அப்ப வந்துடுங்க. ஒரு சலுகையும் காட்டக் கூடாது” என்றார். “அன்னிக்குத் தொண்டை சரியில்லாமப் போன மாதிரி.”

ஜூலை 18, வியாழன்

எட்வினும் வந்தார். நான் கத்தினால் தையல் பிரியுமோ என்ற கவலையாம். பின் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

இளம்பரிதி வந்தான். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டியிருந்தான், நழுவாமலிருக்க. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சலுகை கிடையாது.

என்மேல் நீலத்துணி விழுந்தது. ஆரம்பித்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அப்படி ஒரு நடிப்பைக் கொடுத்ததில்லை. அழுதேன். ஊரைக் கூட்டினேன். அவன் கைராசியைப் பழித்தேன். அரியலூரைப் பழித்தேன். அவன் கை கழுவினான், கவுன் போட்டான், கருவிக்கு உறை மாட்டினான், ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே செய்தான். இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஊசி எடுத்தான். ஊசி தோலுக்குள் போகும்வரை காத்திருந்தேன். அதற்கப்புறம் எட்டுக் கட்டையில்:

“ஐயோ, கொல்றானே! இவன் டாக்டரே இல்ல! யாராச்சும் போலீஸக் கூப்புடுங்க!”

கை அசையவில்லை. நிதானமாகச் சொன்னான்:

“கூப்புடலாங்கம்மா. வந்தா அவங்களையும் கை கழுவிட்டு, கவுன் போட்டுக்கிட்டுத்தான் உள்ள வரச் சொல்லணும்.”

எனக்குத் தாங்கவில்லை. வாயை மூடிப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கட்டில் ஆடியது, ரப்பர் கை ஆடியது, நீலத்துணி முழுக்கக் குலுங்கியது. அவன் மட்டும் ஆடவில்லை. ஆடுகிற கையோடு தன் கையையும் சேர்த்து மிதக்கவிட்டு, குழாயைச் செருகி, ஊசியை உருவி, மேலே பிளாஸ்திரி ஒட்டினான். “முடிஞ்சிருச்சுங்கம்மா” என்றான்.

நான் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டினேன். பின் வரிசையில் எட்வின் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நஸ்ரீன் கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். அப்புறம் அந்தப் புருவம் மேலே போனது.

“டாக்டர் பாஸ். பேஷண்ட் ஃபெயில்.”

“என்னது?”

“நோயாளி சிரிக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை வந்து மறுபடி செய்யுங்க மேடம்.”

வனரோஜாவிடம் இதுவரை யாரும் இரண்டாவது டேக் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை போகிறேன்.